வாய் திறக்காத ரத்தம்

காய்ச்சல் என்றால் வரும், நாலு நாள் படுத்தும், போகும். டீச்சருக்கு வந்தது அப்படி மரியாதை தெரிந்த காய்ச்சல் இல்லை. இரண்டு மாதமாகச் சாயங்காலம் ஆனால் டாணென்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. விடியும்போது போர்வையை வேர்வையில் நனைத்துவிட்டுப் போனது போலப் போக்குக் காட்டும். மறுநாள் சாயங்காலம் முட்டி வலியையும் கூட்டிக்கொண்டு திரும்பவும் ஆஜர்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளிடம் கிளட்ச்சும் கியரும் பழக வந்தவர்களில் ஒருவன்தான் மெக்கானிக். இரண்டு தடவை டெஸ்டில் கோட்டை விட்டு, மூன்றாவது தடவை லைசென்ஸையும் டீச்சரையும் சேர்த்தே வாங்கிக்கொண்டு போனான். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஓடியும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறான்.

ஃப்ரிஜ், ஏசி, மீன் வைக்கும் குளிர் அறை, எதுவானாலும் அவன் கை பட்டால் ஜில்லென்று ஆகிவிடும். பெண்டாட்டியின் காய்ச்சலை மட்டும் அவனால் ஒரு டிகிரிகூட இறக்க முடியவில்லை.

டைஃபாய்டு இல்லை, மலேரியா இல்லை. எக்ஸ்ரே பளிச்சென்று இருந்தது. இருமலே கிடையாது என்பதால் சோதித்துப் பார்க்கச் சளியும் இல்லை. வயிற்று ஸ்கேனில் மட்டும் ஆழத்தில் இரண்டு மூன்று நெறிகட்டிகள். ஊசி விட்டு எடுக்க வசதிப்படாத இடம்.

கடைசியில், உள்ளே எங்காவது காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று ரத்தத்தையே கேட்டுப் பார்க்கும் பரிசோதனை ஒன்றை டாக்டர் எழுதிக் கொடுத்தார். லேபில் நிற்க முடியாமல் டீச்சர் மயங்கி விழுந்ததால், அங்கேயே வேலை பார்க்கும் மெக்கானிக்கின் தங்கையே சாயங்காலம் அவர்கள் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்தாள். அதற்கு இரண்டு நாள் கழித்து டீச்சரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று.

இன்று காலை ரிசல்ட் வந்துவிட்டது என்று தகவல் வந்ததும், மெக்கானிக் சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினான்.

நரைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்ட அந்த டாக்டரம்மாள் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உட்காருங்க."

"டிபி இருக்கா டாக்டர்?"

"தெரியல."

"அப்ப இல்லையா?"

"அதுவும் தெரியல."

மெக்கானிக்குக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவன் தொழிலில் மோட்டார் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது. ஓடுகிறதா என்று கேட்டால் தெரியவில்லை என்று பதில் சொல்லும் மோட்டாரை அவன் இதுவரை பார்த்ததில்லை.

"புரியற மாதிரி சொல்லுங்க டாக்டர்."

அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "நாலு குட்டிக் குழாய்ல ரத்தம் எடுத்தாங்க இல்ல? ஒண்ணுல ஒண்ணும் இருக்காது. ரெண்டுல டிபி கிருமியோட சாயல் கொஞ்சம் தடவி வச்சிருக்கும். அந்தக் கிருமி எப்பவாவது உள்ள நுழைஞ்சிருந்தா, ரத்தம் அதை அடையாளம் கண்டு சத்தம் போடும். அந்தச் சத்தத்தைத்தான் அளக்கறோம்."

"நாலாவது?"

"அதுல இருக்கற மருந்து எந்த ரத்தத்தையும் சத்தம் போட வச்சிடும். உங்க ரத்தமும் போடும், என் ரத்தமும் போடும். உங்க மனைவி ரத்தம் அதுலயும் வாயைத் திறக்கல."

"திறக்கலைன்னா?"

"டிபி குழாய்ல அது சும்மா இருந்தது டிபி இல்லாததாலயா, இல்ல வாயைத் திறக்கவே தெம்பு இல்லாததாலயா? அதைச் சொல்ல முடியாது. அதனால முடிவு சொல்ல இயலாதுன்னு போட்டிருக்காங்க."

மெக்கானிக் தலையை ஆட்டினான். புரிந்ததால் இல்லை, வேறு என்ன செய்வது என்று தெரியாததால்.

டாக்டர் விரல்களைக் கோர்த்துக்கொண்டார். "நான் என்ன நினைக்கறேன்னா, உடம்பு தன்னையே எதிரியா நினைச்சு அடிச்சுக்கற வியாதி சிலது இருக்கு. அதுல இப்படித்தான் காய்ச்சல் வரும், மூட்டு வீங்கும், நெறி கட்டும். அந்த வியாதிக்காரங்க ரத்தம் சில சமயம் இந்த மாதிரி மௌனமாவும் இருக்கும். நேத்து வரைக்கும் எனக்கு ரெண்டு பக்கமும் சந்தேகம் இருந்தது. இந்த மௌனத்தைப் பார்த்தப்புறம் டிபி பக்கம் கொஞ்சம் குறைஞ்சுடுச்சு."

"அதுக்கு மருந்து இருக்கா?"

"ஸ்டீராய்டு. நல்லா கேக்கும். ஆனா ஒண்ணு, உள்ள டிபி ஒளிஞ்சிருந்தா, இந்த மருந்து வீட்டுக் காவல்காரனைத் தூங்க வச்ச மாதிரி. கிருமி இஷ்டத்துக்குப் பரவும். அதான் முதல்ல டிபியைக் கேட்டுக்கலாம்னு பார்த்தேன். இனிமே காத்திருக்கவும் பயமா இருக்கு, ரொம்ப இளைச்சுட்டாங்க. இன்னொரு டாக்டரையும் கலந்துட்டு ஆரம்பிச்சிடறேன். உங்களுக்குச் சம்மதமா?"

அவனிடம் போய் சம்மதம் கேட்டால்? "உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்யுங்க டாக்டர்" என்றான்.

வார்டில் டீச்சர் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். வலது கால் மட்டும் போர்வைக்குள் அவ்வப்போது அழுந்தியது. தூக்கத்திலும் எவனோ ஒரு மாணவனுக்காக பிரேக் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று மெக்கானிக்குக்குத் தெரியும்.

"என்ன சொன்னாங்க?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

டாக்டர் சொன்னதைத் தனக்குப் புரிந்த அளவுக்குச் சொன்னான்.

"நல்லா இருக்கே. உங்க வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து நான் கத்தற கத்து தெருக்கோடி வரைக்கும் கேக்குது. என் ரத்தத்துக்கு வாயே இல்லையாமா?"

அவன் சிரித்துவைத்தான். அவள் சிரிக்கவில்லை.

"ஏங்க, எனக்கு ஏதாவது ஒரு பேரைச் சொல்லச் சொல்லுங்க. எந்தப் பேரா இருந்தாலும் பரவாயில்லை. வியாதிக்குப் பேரே இல்லாம படுத்திருக்கறது, வண்டி எங்க போகுதுன்னே தெரியாம பின் சீட்ல உட்கார்ந்திருக்கற மாதிரி இருக்கு."

அவள் உள்ளங்கை கொதித்தது. காலையிலேயே. காய்ச்சல் இப்போது சாயங்காலம் வரை காத்திருப்பதைக்கூட விட்டுவிட்டது.

"பொடிசைப் பார்த்துட்டு வந்துடறேன். அவளுக்கு இதெல்லாம் புரியும்" என்று எழுந்தான்.

பொடிசு என்பது தங்கைக்கு வீட்டில் வைத்த பெயர். உருவத்துக்குத்தான் அது பொருந்தும், வாய்க்குப் பொருந்தாது. இரண்டு தெரு தள்ளியிருந்த லேபில், அவனை மத்தியானம் வரை காக்க வைத்துவிட்டு, வெள்ளைக் கோட்டின் கையை மடித்து விட்டுக்கொண்டு அவள் பின்வாசலுக்கு வந்தாள். முகம் ஏற்கெனவே உம்மென்று இருந்தது. ரிசல்ட்டை அவளும் பார்த்திருந்தாள்.

"அண்ணா, காலைலேர்ந்து மண்டையைப் போட்டு உடைச்சுக்கறேன். அண்ணி ரத்தம் அப்படி ஒண்ணும் சோடை போனது இல்ல. அணுக்கள் எல்லாம் அளவுல இருக்கு. ஹெச்.ஐ.வி. பார்த்தாச்சு, இல்ல. அப்புறம் ஏன் நாலாவது குழாய் ஊமையா நிக்குது?"

"டாக்டர் ஏதோ சொன்னாங்களே, உடம்பு தன்னையே அடிச்சுக்குதுன்னு."

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நான் எங்கயாவது சொதப்பிட்டேனான்னு பார்க்கறேன்." விரல்களை மடக்கத் தொடங்கினாள். "கோடு வரைக்கும் நிரப்பினேன். நல்லா குலுக்கினேன், உள்பக்கம் முழுக்க ரத்தம் படியற மாதிரி. பெட்டில அடுக்கினேன். அந்நேரம் லேப் பூட்டியிருக்கும்னு உங்க சாப்பாட்டு மேஜை மேல வச்சுட்டுப் போனேன். காலைல வந்து எடுத்தேன். நேரா கொண்டு வந்து உடம்புச் சூட்டுல இருக்கற பெட்டிக்குள்ள வச்சாச்சு. கெடு நேரத்துக்குள்ளதான். ராத்திரி முழுக்க மேஜை மேல வெளியதான் இருந்தது, அதுல ஒண்ணும் தப்பு..."

"வெளியவா?" என்றான் மெக்கானிக்.

"ஆமா."

"வெளிய எதுக்கு வைக்கணும்? கெட்டுப் போயிடாதா? நான் உள்ள வச்சேன்."

"எந்த உள்ள?"

"ஃப்ரிஜ்ல."

பொடிசின் மடங்கிய விரல்கள் மடங்கியபடியே நின்றன.

மெக்கானிக் ஒன்றும் தெரியாதவனாக விளக்கிக்கொண்டே போனான். பால் பாக்கெட்டை நகர்த்தி நடுத்தட்டில் இடம் பண்ணினானாம். உறைந்து போய்விடக் கூடாதே என்று ஃப்ரீசர் பக்கம் கொண்டு போகவில்லையாம். தெர்மாமீட்டர் வைத்து இரண்டு தடவை பார்த்தானாம், முட்டைக்கு வைக்கும் குளிர்தானாம். விடிந்ததும் எடுத்து மேஜையில் வைத்துவிட்டான். "குழாய் மேல வேர்த்திருந்தது. நீ எடுக்கறப்ப வழுக்கிடப் போகுதேன்னு துணியால துடைச்சு வச்சேன்."

"என்கிட்ட ஏண்ணா சொல்லல?"

அவனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. பாலை ஃப்ரிஜ்ஜில் வைத்தேன் என்று ஊரில் யாராவது அறிவிப்புக் கொடுப்பார்களா?

"ஃப்ரிஜ்ல வைக்காதேன்னு நீயும் சொல்லலையே" என்றான்.

"சொல்லல." அவள் சுவரில் சாய்ந்தாள். "மத்த ரத்தத்தை நாங்களே ஃப்ரிஜ்லதான் வைக்கறோம். இது வேற. இதுல அந்த அணுக்கள் உயிரோட, சுறுசுறுப்பா இருந்தாத்தான் சத்தம் போடும். நீ குளிர்ல வச்சு மொத்தத்தையும் விறைக்க வச்சுட்டே. அண்ணி ரத்தத்துக்கு ஒண்ணும் இல்லண்ணா. அதுக்குக் குளிர் அடிச்சுடுச்சு."

முதலில் அவனுக்கு வந்தது சந்தோஷம்தான். டீச்சரின் ரத்தத்துக்கு வாய் இருக்கிறது. ஒரு நிமிஷம் கழித்துத்தான் டாக்டர் சொன்ன மற்றது ஞாபகம் வந்தது. அந்த மௌனத்தைப் பார்த்தப்புறம் டிபி பக்கம் குறைஞ்சுடுச்சு. அந்த மௌனம் டீச்சருடையதே இல்லை. அவன் வீட்டு ஃப்ரிஜ்ஜுடையது. அதை நம்பித்தான் காவல்காரனைத் தூங்க வைக்கும் மருந்தை எழுதப் போகிறார்கள். அதற்கு அவனே வேறு தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான்.



"டாக்டருக்கு ஃபோன் போடு."

அவள் இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். "எடுக்க மாட்டேங்கறாங்க. வா, நேர்லயே போலாம்" என்று பொடிசு கோட்டோடு நடந்தாள். நடந்தாள் என்று பேர், அவன்தான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

வார்டுக் கதவைத் திறந்தபோது மெக்கானிக் தப்பான அறைக்குள் வந்துவிட்டதாக நினைத்தான்.

கட்டிலில் ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ரொட்டி வைத்திருந்த தட்டு காலி. இரண்டு வாரமாகக் கையைத் தூக்க முடியாமல் இருந்த டீச்சர், தானே பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க போனீங்க? ஊசி போட்டாங்க. நீங்க அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் வந்தாங்க. கொஞ்ச நேரத்துல பாருங்க, காய்ச்சல் போன இடம் தெரியல." கையை நீட்டினாள். "தொட்டுப் பாருங்க."

அவன் தொட்டான். ஜில்லென்று இருந்தது.

இரண்டு மாதமாக எந்தக் குளிர்ச்சிக்காகத் தவம் கிடந்தானோ அது கைக்குள் இருந்தது. அவனோ அந்தக் கையை விடாமல் பேயறைந்தவன் போல நின்றான்.

"ஏன் இப்படி முழிக்கறீங்க? பொடிசு, உங்க அண்ணனுக்கு என்ன ஆச்சு?"

பொடிசு வராந்தாவுக்குப் போய் டாக்டரைத் தேடிப் பிடித்தாள்.

நரைமுடி டாக்டர் நின்றபடியே முழுக்கதையையும் கேட்டார். திட்டுவார் என்று மெக்கானிக் காத்திருந்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, திரும்பவும் கழற்றினார். அவருக்கும் குழப்பம்தான் என்று தெரிந்ததும் அவனுக்கு இன்னும் பயமாகப் போயிற்று.

"ஒரு டோஸ்தான் போயிருக்கு. அதனால பெரிய கெடுதல் வந்துடாது" என்றார். "ஆனா தொடரக் கூடாது. நாளைக்குக் காலைல மறுபடி ரத்தம் எடுக்கலாம். இந்த ஊசியோட வேகம் அதுக்குள்ள அடங்கிடும். நடுவுல இன்னொண்ணு போட்டா, அப்புறம் ரத்தம் நிஜமாவே வாயை மூடிக்கும். திரும்பவும் இதே நிலைமைல வந்து நிப்போம்."

"நாளைக்கு எடுத்தா தெரிஞ்சுடுமா டாக்டர்?"

"கொஞ்சம் தெரியும். சத்தம் போட்டா, டிபி கிருமி எப்பவோ உள்ள வந்திருக்குன்னு தெரியும். இந்தக் காய்ச்சல் அதாலதானான்னு அது சொல்லாது. கிருமி உள்ள இருந்தும் ஆயுசு முழுக்க ஒண்ணும் ஆகாத ஜனங்க எத்தனையோ பேர் இருக்காங்க, நானும் நீங்களும்கூட அதுல இருக்கலாம். ஆனா அவங்களுக்கு இருக்குன்னு தெரிஞ்சா, அந்த நெறிகட்டியை எப்பாடு பட்டாவது எடுத்துப் பார்ப்பேன். கண்ணை மூடிக்கிட்டு ஸ்டீராய்டு மட்டும் கொடுக்க மாட்டேன்."

"இன்னிக்கு ஊசி இல்லைன்னா?"

"காய்ச்சல் திரும்ப வரும். சாதாரண மாத்திரைதான் கொடுக்க முடியும். அது எவ்வளவு கேக்கும்னு உங்களுக்கே தெரியும்." டாக்டர் அவனை நேராகப் பார்த்தார். "அவங்களுக்குத் தெரியாம நான் எதுவும் நிறுத்த மாட்டேன். ஏன்னு நீங்களே சொல்லுங்க. சாயங்காலம் அவங்க முடியலைன்னு கேட்டா, நர்ஸ் எனக்குக் கூப்பிடுவாங்க. அப்போ யோசிக்கலாம்."

மெக்கானிக் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். டீச்சர் பின்னலை முடித்து முன்னால் போட்டுக்கொண்டிருந்தாள். தோளில் பழைய நிமிர்வு வந்திருந்தது. அடுத்த வாரம் டெஸ்டுக்குப் போகும் மாணவி ஒருத்தி ரிவர்ஸ் எடுக்கையில் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிப்பாள் என்று சொல்லிச் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று இந்தச் சிரிப்பைக் கேட்டு. இன்று ஒரு நாள் இப்படியே விட்டுவிடலாமே என்று அவனுக்கு ஆசையாக இருந்தது. நாளைக்குச் சொன்னால் என்ன?

மென்று முழுங்கி, ஒருவழியாகச் சொல்லிவிட்டான். ஃப்ரிஜ், பால் பாக்கெட், நடுத்தட்டு, துடைத்த துணி, ஒன்றையும் விடவில்லை.

டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டாள். மாணவன் தப்பாகத் திருப்பும்போதும் அவள் இப்படித்தான் இருப்பாள், திருப்பி முடிக்கும் வரை.

"அப்ப இந்த ஊசி?"

"இன்னிக்கு வேணாங்கறாங்க."

"காய்ச்சல் வருமா?"

"வருமாம்."

"அந்த முட்டி வலி?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்க ஃப்ரிஜ் விஷயத்தைச் சொல்லாம இருந்திருந்தா, சாயங்காலமும் எனக்கு ஊசி கிடைச்சிருக்கும், இல்ல?"

"கிடைச்சிருக்கும்."

"நாளைக்கும் இப்படியே தலை வாரிட்டு உட்கார்ந்திருப்பேன்."

"ஆமா டீச்சர். ஆனா உள்ள அது இருந்தா..."

"இருந்தா. இருக்குன்னு யார் சொன்னா? இல்லாமலும் இருக்கலாம்னு அவங்களே சொல்றாங்க. இருக்கோ இல்லையோ தெரியாத ஒண்ணுக்காக, நல்லா இருக்கற என்னை மறுபடி படுக்கப் போடறீங்க."

அவனுக்கு அவள் சொல்வது தப்பு என்று தோன்றியது, எங்கே தப்பு என்று எடுத்துச் சொல்ல வரவில்லை. பொடிசு வாயைத் திறந்தாள். டீச்சர் கையை உயர்த்தியதும் மூடிக்கொண்டாள்.

"நாளைக்கு ரத்தம் எடுக்க நீயே வா. பெட்டியை உன் மடியிலேயே வச்சுக்கோ" என்றாள் டீச்சர் அவளிடம்.

பொடிசு லேபுக்குத் திரும்பினாள். மெக்கானிக் ஸ்டூலிலேயே இருந்தான்.

ஜன்னலில் வெயில் சரியச் சரிய அவன் டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்று ஒரு நாள் வராமலே போய்விடக்கூடாதா என்று நினைத்தான். முதலில் அவள் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். பிறகு பற்கள் லேசாகத் தட்டின. நர்ஸ் கொடுத்த மாத்திரையை விழுங்கினாள். அது வழக்கம்போல ஒன்றும் செய்யவில்லை. கட்டில் கம்பிகள் நடுங்குவது அவன் முழங்காலுக்குத் தெரிந்தது.

"ஏங்க."

"சொல்லு டீச்சர்."

"முடியல. அந்த ஊசியைக் கேளுங்க."

"இன்னிக்கு ஒரு ராத்திரிதான்."

"ஒரு ராத்திரின்னு உங்களுக்குச் சொல்றது சுலபம். நர்ஸைக் கூப்பிடுங்க. டாக்டர்கிட்ட நானே பேசறேன். கூப்பிடுங்கன்னா."

அவள் கெஞ்சி அவன் கேட்டதில்லை. அந்தக் குரலைத் தாங்க முடியாமல் எழுந்து கதவு வரை போனான். வராந்தாவின் கோடியில் நர்ஸ் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். அவளுக்கு நிம்மதி, அவனுக்கும் நிம்மதி. அந்த வார்த்தை டீச்சருக்கு நல்லது செய்யுமா, கெட்டது செய்யுமா? எவ்வளவு யோசித்தும் அவனுக்குத் தெரியவில்லை.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

டீச்சர் அவனைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, தலைமாட்டில் தொங்கிய அழைப்பு மணியைத் தானே எடுத்து அழுத்தினாள்.